மழை பெய்தால் பாதாள சாக்கடை ஏன் பொங்குகிறது?

தாழ்வாரம்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. சில நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன என்று தெரியும். அங்கே மழைக்காலத்தில் குழாய் நிரம்புவது புரிகிறது. ஆனால் மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய் என்று போட்டிருக்கும் இடங்களிலும் ஒரு நல்ல மழைக்கு மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை வெளியே வருகிறதே, அது எப்படி? மழை நாளில் யாரும் இரண்டு மடங்கு தண்ணீர் செலவழிப்பதில்லை. யாரைக் கேட்டாலும் "குழாய் சின்னது, ஜனத்தொகை பெருகிவிட்டது" என்று ஒரே பதில்தான் வருகிறது. அது உண்மை என்றால் வெயில் நாளிலும் பொங்க வேண்டுமே?

நீரோட்டம்

தாழ்வாரம், கடைசி வரியில் பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கழிவுநீர்க் குழாய் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து பேர் உள்ள வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் கழிவுநீர் என்றால் வீட்டுக்கு 600 லிட்டர். இது நாள் முழுக்கச் சமமாக வராது, காலையில் குவியும். அதனால் சராசரியைப் போல மூன்று மடங்கை உச்ச அளவாக எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால்கூட ஒரு வீட்டிலிருந்து மணிக்கு 75 லிட்டர்தான்.

இப்போது அதே வீட்டின் மொட்டை மாடியைப் பாருங்கள். பரப்பு 100 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. வீதம் மழை கொட்டினால் அந்த மாடியிலிருந்து மட்டும் ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர் இறங்கும். அதாவது ஒரு மாடியின் மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்துவிட்டால், 60, 70 வீடுகள் ஒரே நேரத்தில் உச்ச அளவில் தண்ணீர் விடுவதற்குச் சமம்.

300 மி.மீ. விட்டமுள்ள குழாய், 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. இது முழுதாக ஓடினால் விநாடிக்குச் சுமார் 68 லிட்டர் போகும். கழிவுநீர் மட்டும் வந்தால் மூவாயிரம் வீடுகளைத் தாங்கும். அந்த மழையில் 50 மாடிகளின் தண்ணீர் சேர்ந்தாலே குழாய் நிறைந்துவிடும். மூவாயிரத்தில் ஐம்பது! ஒரு நகரத்தில் இதைவிடக் குறைவான வீடுகள்தான் தவறாக இணைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

ஆகவே என் கருத்து இதுதான். தனிக் குழாய் முறையில் மழையின்போது பொங்குவது பெரும்பாலும் கழிவுநீர் கூடியதால் இல்லை. உள்ளே வரக் கூடாத நல்ல தண்ணீர் வருகிறது. ஜனத்தொகையைக் காரணம் காட்டுவது எளிது, அதனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

பனைமரம்

நீரோட்டம் சார், ஒரு சந்தேகம். மாடித் தண்ணீரைச் சேம்பரில் விடுவது மட்டும்தான் வழியா? எங்கள் தெருவில் அப்படி யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

நீரோட்டம்

இல்லை, பல வழிகள் உண்டு. பெரிதாகப் பிரித்தால் இரண்டு வகை.

நேரடியாக உள்ளே கொட்டுவது ஒன்று. மாடிக் குழாய், முற்றத்து வடிகால், தரைக்கடித் தளத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் மோட்டார், தவறுதலாகக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கப்பட்ட மழைநீர் வடிகால் எல்லாம் இதில் அடங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மக்கள் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். தெருவில் தண்ணீர் தேங்கினால் சிலர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். கண்முன் தேங்கிய தண்ணீர் இறங்கும். அதே தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து, கீழே தாழ்வான தெருவில் இருப்பவரின் கழிவறை வழியாக மேலே வரும்.

இரண்டாவது வகை, மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வருவது. மழைக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து குழாயை மூழ்கடிக்கும். அப்போது விரிசல், விலகிய இணைப்பு, வேர் புகுந்த இடம், மேன்ஹோலின் செங்கல் சுவர் என்று எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம்தான். ஆனால் பல கிலோமீட்டர் குழாயில் இரவும் பகலும் இது நடக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதே ஓட்டைகள் வழியாகச் சாக்கடை மண்ணுக்குள் போகும், அருகில் கிணறு இருந்தால் அதற்குள்ளும் போகும். இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டில் எது அதிகம் என்பதை ஓட்ட அளவியை வைத்தே கண்டுபிடிக்கலாம். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஓட்டம் சட்டென்று ஏறி, மழை நின்றதும் சட்டென்று இறங்கினால் நேரடி இணைப்புகள். மழை நின்றும் பல நாள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் கசிவு. அப்புறம் அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணி வரை ஊரே தூங்கும்போது குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் ஓடும் தெளிந்த தண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடி நீர்தான். கடலோர ஊர்களில் இன்னும் சுலபம். சாக்கடையில் உப்பின் அளவு கூடியிருந்தால் கடல்நீரோ உவர்நீரோ புகுகிறது என்று அர்த்தம்.

கல்தச்சன்

எல்லாம் சரி சார். ஆனால் நடைமுறையில் பார்த்தால், எவ்வளவு தண்ணீர் வந்தாலும் தாங்குகிற மாதிரி பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததே? விட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் கொள்ளளவு ஆறு மடங்குக்கு மேல் கூடும் என்று படித்திருக்கிறேன். குழாய் விலை அந்த அளவுக்குக் கூடாது. வீடு வீடாகப் போய் இணைப்பைச் சோதிப்பதைவிட இது சுலபம் இல்லையா?

நீரோட்டம்

கணக்கு சரி, அதே சரிவில் சுமார் 6.3 மடங்கு கூடும். ஆனால் மழை இல்லாத நாட்களை நினைத்துப் பாருங்கள், வருடத்தில் அவைதான் அதிகம். பெரிய குழாயின் அடியில் சின்ன ஓட்டமாகச் சாக்கடை போகும். வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டராவது இருந்தால்தான் மணலும் மலமும் படியாமல் அடித்துச் செல்லப்படும். வேகம் குறைந்தால் படியும். படிந்தது அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அந்த வாயு குழாயின் மேல்பகுதியில் உள்ள ஈரத்தில் சேர, அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். கான்கிரீட் குழாயின் கூரையை அந்த அமிலம் அரிக்கும். கடைசியில் சாலை உள்வாங்கும். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்ட குழாய் அடைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முட்டை வடிவக் குழாய்களைக் கட்டினார்கள். கூர்முனை கீழே இருப்பதால் குறைந்த ஓட்டத்திலும் ஆழமும் வேகமும் கிடைக்கும், மழையின்போது மேலே அகன்ற பகுதி பயன்படும். அழகான தீர்வு.

இன்னொன்று, தெருக் குழாயைப் பெரிதாக்கினால் தண்ணீர் மறைந்துவிடாது. அது பம்பிங் ஸ்டேஷனுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே தாங்காவிட்டால் பொங்கும் இடம்தான் மாறும்.

செம்மண்நிலம்

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். நீரோட்டம் ஐயா சொன்ன கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் எழுத ஆசை.

எங்கள் வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். காற்றூட்டும் தொட்டியில் அவை கழிவைத் தின்று வளரும். பிறகு அடுத்த தொட்டியில் கசடாக அடியில் படியும், தெளிந்த நீர் மேலே வழிந்து போகும், படிந்த கசடு திரும்ப முதல் தொட்டிக்கு வரும். இந்தச் சுற்று தண்ணீரின் வேகத்தைப் பொறுத்தது. மழைக்கு வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு தண்ணீர் ஒரேயடியாக வந்தால் கசடு படிய நேரம் கிடைக்காது. மேலே எழும்பித் தெளிந்த நீரோடு ஆற்றுக்குப் போய்விடும். அந்த மழை நாளோடு போகட்டும் என்று விட முடியாது. பாக்டீரியாக்களை இழந்த நிலையம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வரும் சாக்கடை அரைகுறையாகத்தான் சுத்தமாகும். தண்ணீர் நீர்த்துப்போய் வருவதால் பாக்டீரியாக்களுக்கு உணவும் குறைவு.

எல்லாத் தண்ணீரும் பம்ப் ஆகி வந்த தண்ணீர் என்பதையும் மறக்கக் கூடாது. சுத்தமான மழைநீரைச் சாக்கடையில் கலந்து, மின்சாரம் செலவழித்து ஏற்றி, மறுபடி சுத்தம் செய்கிறோம்.

பனைமரம்

அப்படியானால் மழை இல்லாத நாளில் பொங்கினால்?

நீரோட்டம்

அடைப்பு, அல்லது பம்ப் நின்றுவிட்டது. வேறு காரணங்கள் அபூர்வம். வெயில் நாளில் ஒரு மேன்ஹோல் வழிந்தால் கீழ்ப்பக்கம் பாருங்கள். அடுத்தடுத்த மேன்ஹோல்களைத் திறந்து கொண்டே போனால் எங்கே நிரம்பி நிற்கிறது, எங்கே வறண்டு கிடக்கிறது என்று தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு.

அடைப்பில் மோசமானது எண்ணெய், கொழுப்பு. சூடாக ஊற்றும்போது திரவமாகத்தான் போகும். குழாயில் குளிர்ந்து சுவரில் ஒட்டும். அங்கே கால்சியத்தோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி இறுகிவிடும், வெந்நீர் ஊற்றிக் கரைக்க முடியாது. அதில் வெட் வைப்ஸ், சானிட்டரி நாப்கின் எல்லாம் சிக்கிக்கொள்ளும். 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியின் அடியில் 250 மீட்டர் நீளத்துக்கு இப்படி ஒரு கொழுப்புப் பாறை கிடந்தது, எடை சுமார் 130 டன். உடைத்து எடுக்கப் பல வாரங்கள் ஆயின. அதன் துண்டுகளை லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

"கழிவறையில் போடலாம்" என்று உறையில் எழுதியிருக்கும் வெட் வைப்ஸ்களையும் நம்பாதீர்கள். டாய்லெட் பேப்பர் தண்ணீரில் சீக்கிரம் பிரிந்துவிடும். இவற்றில் பல அப்படிப் பிரிவதில்லை, கயிறாக முறுக்கிக்கொண்டு பம்பின் இறக்கையில் சுற்றும். பம்ப் நின்றால் சேகரிப்புக் கிணறு நிரம்பும், தண்ணீர் பின்னோக்கி ஏறும்.

ஊதாப்பூ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "மேன்ஹோல்களைத் திறந்துகொண்டே போனால்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் யாரும் வீட்டு முன்னால் உள்ள மூடியைத் திறந்து தலையை விட்டுப் பார்த்துவிடக் கூடாது. உள்ளே இறங்குவது பற்றி நினைக்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் செத்துப்போவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் செத்துப்போவார். இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அடைப்பு எடுக்க, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் ஜெட்டிங் இயந்திரமும் கேமராவும் இருக்கும்போது ஒரு மனிதரை உள்ளே இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீரோட்டம்

முழுதும் ஒப்புக்கொள்கிறேன் அம்மா. நான் சொன்னது வாயு அளவியும் தடுப்பும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பராமரிப்புக் குழுவுக்கு. பொங்கி வழிவதும் அடைப்பும் அதிகமானால் அதன் முதல் விலையைத் தருபவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். ஊருக்குள் சாக்கடை வருகிறதே என்று மட்டும் நாம் கவலைப்படுவது போதாது.

கல்தச்சன்

ஒன்றிணைந்த முறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. லண்டன், பாரிஸ், டோக்கியோவின் மையப் பகுதிகள் எல்லாம் இன்றும் பெரும்பாலும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. அவ்வளவு பெரிய நகரங்கள் அதை வைத்துச் சமாளிக்கும்போது, தனித்தனியாகப் போட்டு யார் எங்கே இணைத்தார்கள் என்று தேடுவதைவிட அது மேல் இல்லையா?

நீரோட்டம்

சமாளிக்கிறார்கள் என்பது பாதி உண்மை. ஒன்றிணைந்த முறையில் நிரம்பி வழிவது ஒரு விபத்து கிடையாது, வடிவமைப்பிலேயே உள்ள ஏற்பாடு. சுத்திகரிப்பு நிலையம் தாங்கும் அளவுக்கு மேல் வந்தால் ஆற்றங்கரையில் உள்ள ஒரு தடுப்பின் மேல் வழிந்து நேரே ஆற்றில் விழும். பிரிட்டனின் பழைய வழக்கப்படி, மழையில்லாத நாள் ஓட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை குழாயில் தக்கவைப்பார்கள், மூன்று மடங்கு வரை முழுதாகச் சுத்திகரிப்பார்கள். மீதி ஆற்றுக்கு. அப்படி வழியவிடாவிட்டால் வீடுகளுக்குள் வரும்.

லண்டனையே எடுத்துக்கொள்வோம். 1858 கோடையில் தேம்ஸ் நாறி, நாடாளுமன்றம் நடத்த முடியாத நிலை வந்தது. அதன் பிறகுதான் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். அவர் தொலைநோக்கோடு கட்டினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நகரம் அவர் கணக்கைத் தாண்டி வளர்ந்தது, மண்ணாகக் கிடந்த நிலமெல்லாம் கூரையும் தார்ச்சாலையும் ஆனது. கொஞ்சம் மழைக்கே ஆற்றில் வழிய ஆரம்பித்தது. அதைப் பிடிக்க ஆற்றின் அடியில் 25 கிலோமீட்டர் நீளம், 7.2 மீட்டர் விட்டத்தில் டைட்வே சுரங்கம் வெட்டினார்கள். 2025 பிப்ரவரியில்தான் எல்லா இணைப்புகளும் முடிந்தன. சிகாகோ இதே வேலையை 1975-இல் தொடங்கியது, சுரங்கங்கள் முடிய 2006 ஆனது, நீர்த்தேக்க வேலை அதன் பின்னும் தொடர்ந்தது. பாரிஸில் 2024 ஒலிம்பிக்ஸுக்காக சேன் நதியைச் சுத்தமாக்க, ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தின் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டியைக் கட்டினார்கள். அப்படியும் பலத்த மழைக்குப் பிறகு சில பயிற்சிகளையும் போட்டிகளையும் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

ஒன்றிணைந்த முறைக்குச் சாதகமாக ஒன்று உண்டு. முதல் மழையில் சாலையிலிருந்து கழுவி வரும் எண்ணெய், டயர்த் தூள், விலங்குக் கழிவு எல்லாம் சுத்திகரிப்புக்குப் போகும். தனி வடிகாலில் அது நேரே ஆற்றில் சேரும். அதனால் எது மேல் என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புதிதாகப் போடும் இடத்தில் நான் தனித்தனியாகத்தான் போடுவேன்.

தாழ்வாரம்

நன்றி சார், இவ்வளவு விளக்கமாக எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் தவறான இணைப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி? யாரும் தானாக வந்து ஒப்புக்கொள்ள மாட்டார்களே.

நீரோட்டம்

புகைச் சோதனைதான் மலிவான வழி. குழாயின் ஒரு பகுதியை அடைத்து, தீங்கில்லாத வெண்புகையை மேன்ஹோல் வழியாக ஊதுவார்கள். மாடிக் குழாய் கழிவுநீரில் இணைந்திருந்தால் மாடியிலிருந்து புகை வரும். புல்தரையிலிருந்து வந்தால் அடியில் குழாய் உடைந்திருக்கிறது. சந்தேகமான இடத்தில் சாய நீரை ஊற்றி, கீழே மேன்ஹோலில் நிறம் வருகிறதா என்று பார்க்கலாம். உடைந்த குழாயைத் தோண்டாமலே சரிசெய்ய முடியும். பிசின் ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, ஊதிச் சுவரோடு ஒட்டவைத்துக் கெட்டியாக்குவார்கள். 1971-இல் லண்டனில் முதலில் செய்த முறை, இப்போது எங்கும் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், தெருக் குழாயைச் சரிசெய்தும் கசிவு எதிர்பார்த்த அளவு குறையாது. வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை வரும் கிளைக்குழாய் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பொறுப்பு. மொத்த நீளத்தில் அது கணிசமான பங்கு, யாரும் அதைத் தொடுவதில்லை. தெருக் குழாயில் ஓட்டையை அடைத்தால் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, பக்கத்துக் கிளைக்குழாயின் ஓட்டை வழியே வரும். தண்ணீருக்கு யார் சொத்து என்பதெல்லாம் கணக்கில்லை.

செம்மண்நிலம்

இதில் மிரட்டலைவிட உதவி நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1993-இலிருந்து 2011 வரை மாடிக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து துண்டிக்கும் திட்டம் நடந்தது. அங்கே ஒன்றிணைந்த முறை. துண்டித்தவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள், வேண்டியவர்களுக்கு ஆள் அனுப்பிச் செய்துகொடுத்தார்கள். 56,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் துண்டிக்கப்பட்டன. பெரிய சுரங்கங்களையும் வெட்டினார்கள், ஆனால் உள்ளே வரும் தண்ணீரைக் குறைப்பதையும் கூடவே செய்தார்கள். கோபன்ஹேகன் 2011 ஜூலையில் ஒரே மாலையில் பெய்த பேய்மழைக்குப் பிறகு குழாயை மட்டும் நம்புவதை விட்டுவிட்டது. பூங்காக்களையும் தெருக்களையும் மழைநீர் தேங்கிப் போகும்படி மாற்றியமைக்க 2012-இல் தனித் திட்டமே போட்டார்கள்.

பனைமரம்

ஊர் முழுக்க மாறக் காலம் ஆகும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அதுவரை என்ன செய்வது? எங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் பயமாக இருக்கிறது.

நீரோட்டம்

உங்கள் பயம் நியாயமானது. குழாய் நிரம்பி அழுத்தம் ஏறியதும் தண்ணீர் தாழ்வான திறப்பைத் தேடும். தெருவில் உள்ள மேன்ஹோல் மூடியின் மட்டத்தைவிட உங்கள் கழிவறைக் கோப்பையோ குளியலறை வடிகாலோ தாழ்வாக இருந்தால் அங்கேதான் முதலில் வரும். இந்த மட்டத்தை முதலில் அளந்து பாருங்கள். தாழ்வாக இருந்தால், வீட்டிலிருந்து வெளியே போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) பொருத்தச் சொல்லுங்கள். சாக்கடைக்கென்றே செய்த மடல் வகை வால்வாக இருக்க வேண்டும், குடிநீர்க் குழாய்க்கு விற்கும் வால்வு அடைத்துக்கொள்ளும். மேல் மாடிகளின் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்பே, தரைத்தளக் கிளையில் மட்டும் போட வேண்டும். இடம் மாறிப் போட்டால், வால்வு மூடியதும் மேல் வீட்டுக்காரர்களின் தண்ணீர் உங்கள் வீட்டில் வரும்.

அப்புறம் வால்வு மூடியிருக்கும்போது நீங்கள் விடும் தண்ணீரும் வெளியே போகாது. மழை ஓய்ந்து தெருக் குழாய் இறங்கும்வரை துணி துவைக்காதீர்கள், கழிவறைத் தொட்டியை அழுத்தாதீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை பிளம்பரைக் கூப்பிட்டு மடலைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு துணித்துண்டு சிக்கினாலே அது முழுதாக மூடாது.